அன்று ஃபார்மட், இன்று பாஸ்வேர்ட்

மதுரையில் 2007, 2008 வாக்கில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனவர்களுக்கு ஒரு கேள்வி நன்றாக நினைவிருக்கும். சிபியூவைத் தூக்கிக்கொண்டு குறுகலான மாடிப்படி ஏறி, "அண்ணே, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, வைரஸ்னு நெனைக்கிறேன்" என்று சொன்னதும் கடைக்காரர் கேட்பார்: "டேட்டா ஏதும் வேணுமா? டெஸ்க்டாப்புல இருக்கா, டி டிரைவ்ல இருக்கா?" டி டிரைவில் என்று பதில் வந்தால் வேலை சுலபம். சி டிரைவை ஃபார்மட் போட்டு, விண்டோஸ் எக்ஸ்பியை மறுபடி ஏற்றி, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். டவுன்ஹால் ரோடு, சிம்மக்கல், கே.கே. நகர், பைபாஸ் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் வழக்கம் இதுதான்.

வைரஸ் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டியைத் துடைத்தால் தொல்லை தீர்ந்தது என்ற நம்பிக்கையில் பிறந்த கேள்வி அது. அந்தக் காலத்துக்கு அது பெருமளவு சரியாகவும் இருந்தது. இன்று பெட்டியைத் துடைப்பது அதைவிட எளிது. ஆனால் துடைத்து முடித்து ஒரு வாரம் கழித்தும் சேதம் தொடரலாம். இப்போது வருகிற வைரஸ்களில் பல, உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் பாஸ்வேர்டையும் கணக்குகளையும் அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. அதன்பின் லேப்டாப்பை என்ன செய்தாலும் போனது போனதுதான். பழைய பழக்கப்படி ஃபார்மட் போட்டதோடு நிம்மதியடைகிற வீடுகள் நம் ஊரில் இன்னும் பல இருக்கின்றன. அன்று எப்படி இருந்தது, இன்று என்ன மாறியது என்று தெரிந்தால், வீட்டு லேப்டாப்பில் என்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகும்.

பிளாப்பியில் வந்தவை

1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' என்பதையே ஐபிஎம் பிசிக்களில் பரவிய முதல் வைரஸாகச் சொல்கிறார்கள். தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள் எழுதி வைத்திருந்தார்கள். 1990இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட 'ஜோஷி' இன்னும் வேடிக்கையானது. ஜனவரி 5ஆம் தேதி வந்தால் கணினியை நிறுத்திவைத்து, 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று தட்டச்சு செய்யச் சொல்லும். செய்தால் வேலையைத் தொடர விடும்.

அப்போது மதுரையில் கணினி வீட்டுப் பொருளாக இருக்கவில்லை. கல்லூரி ஆய்வகத்திலும், பயிற்சி மையத்திலும், சில அலுவலகங்களிலும் இருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். வெளியிலிருந்து பிளாப்பி கொண்டுவந்தால் ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுத்து ஸ்கேன் செய்த பிறகுதான் டிரைவில் போட அனுமதி. வைரஸ் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போக மனிதன் கையால் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்த காலம் அது. வாசலில் ஒரு ஆள் நின்றாலே பாதி தடுத்துவிடலாம்.

ஜோஷிக்கு ஒரு குணம் உண்டு. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்திக் கணினியைத் திரும்பத் தொடங்கினாலும் நினைவகத்தை விட்டுப் போகாது. மின்சாரத்தை முழுதாக நிறுத்த வேண்டும். பிறகு, எழுத முடியாதபடி பூட்டப்பட்ட சுத்தமான டாஸ் பிளாப்பியிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஹார்ட் டிஸ்க்கைத் தொடலாம். அன்றைய வல்லுநர்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. வைரஸ் பிடித்த கணினி, வைரஸின் சொல்படி நடக்கிறது. அதற்குள்ளிருந்தே வைரஸைத் தேடுவது, திருடன் கையிலேயே சாவிக்கொத்தைக் கொடுத்து வீட்டைச் சோதித்துச் சொல்லச் சொல்வதற்குச் சமம். வெளியே இருக்கும் சுத்தமான ஒன்றிலிருந்து தொடங்கினால்தான் உள்ளே இருப்பது கண்ணுக்குப் படும். முப்பத்தைந்து ஆண்டுகளாக மாறாத விதி இது. இன்றைய லேப்டாப்பிலும் இதைத்தான் செய்யப் போகிறோம்.

இந்தத் தொல்லையே இந்தியாவில் ஒரு தொழிலையும் உண்டாக்கியது. ஜெ. கேசவர்தனன் 1991இல் சென்னையில் தொடங்கிய கே7, தமிழ்நாட்டிலிருந்து எழுந்த ஆன்டிவைரஸ் நிறுவனம். புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சய் கட்கரும் உருவாக்கியது குவிக் ஹீல். பழுதுபார்க்கும் மேசையில் வந்து நின்ற கணினிகளே அவர்களுக்குப் பாடப்புத்தகம். இரண்டு பெயர்களும் பின்னாளில் மதுரைக் கடைகளின் கண்ணாடி அலமாரியில் அட்டைப் பெட்டிகளாக அடுக்கப்பட்டிருந்தன.

விளையாட்டு முடிந்து வைரஸ் நாசவேலையாக மாறியதை உலகம் 1999 ஏப்ரல் 26இல் பார்த்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ், அன்றைய தேதியில் ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில மதர்போர்டுகளின் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. அப்படிப்பட்ட கணினியில் பவர் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒன்றும் வராது. அதற்கு ஃபார்மட்டும் உதவாது. சிப்பைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும்.

ஊரைச் சுற்றிய பென்டிரைவ்

மதுரையின் உண்மையான வைரஸ் காலம் பென்டிரைவோடு வந்தது. இதைப் புரிந்துகொள்ள இந்த ஊரின் தொழில்களைப் பார்க்க வேண்டும். காதணி விழாவா, கல்யாணமா, கட்சிக் கூட்டமா, கண்ணீர் அஞ்சலியா, எதற்கும் ஃபிளெக்ஸ் வைக்கிற ஊர் இது. டிடிபி சென்டரில் கோரல்டிராவிலோ போட்டோஷாப்பிலோ டிசைன் செய்வார்கள். அது பென்டிரைவில் ஏறி பிரிண்டிங் கடைக்குப் போகும். கல்யாண ஆல்பம் ஸ்டூடியோவிலிருந்து லேபுக்குப் போகும். கல்லூரி மாணவரின் புராஜெக்ட், கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போகும். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் பஸ் ஸ்டாண்ட் ஓரத்துக் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். ஒரே நாளில் ஒரு கடைக் கணினியில் ஊரில் பாதிப் பேரின் பென்டிரைவ் செருகி எடுக்கப்பட்டது. பல கடைகளில் டிசைன் மென்பொருளும் விண்டோஸும் கிராக் செய்தவையாகவே இருந்தன. அவற்றுக்கு அப்டேட் போட்டால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் அப்டேட்டையே நிறுத்தி வைத்திருந்தவர்களும் உண்டு.

அந்தக் கால வைரஸ்களின் பெயரைச் சொன்னால் இன்றும் சர்வீஸ் அண்ணன்மார் தலையாட்டுவார்கள். 'நியூ ஃபோல்டர் டாட் இஎக்ஸ்இ' என்பது ஃபோல்டர் போலவே படம் காட்டும். திறந்து பார்க்கலாம் என்று கிளிக் செய்தால் அதுவே வைரஸ். 'ரவ்மான்' பென்டிரைவுகளில் ஒளிந்து திரிந்தது. 2005இல் இந்தோனேசியாவிலிருந்து கிளம்பிய 'பிரான்டாக்', ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் மெனுவைக் காணாமல் செய்தது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறக்க விடாது. தன்னை நீக்க வந்த மென்பொருளின் பெயரை விண்டோவின் தலைப்பில் கண்டால் கணினியையே ரீஸ்டார்ட் செய்துவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், அட்மினிஸ்ட்ரேட்டர் அதை நிறுத்தி வைத்திருப்பதாக ஒரு செய்தி வரும். வீட்டில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று யாரும் இல்லாதவர்கள் குழம்பிப் போனார்கள்.

ஃபார்மட் போட்ட மறுநாளே வைரஸ் திரும்பி வந்தது என்ற புகார் அப்போது அடிக்கடி கேட்டது. கடைக்காரர் சரியாகச் செய்யவில்லை என்று சண்டையும் நடந்தது. காரணம் வேறு. ஒவ்வொரு டிரைவின் வேர்ப்பகுதியிலும் 'ஆட்டோரன் டாட் ஐஎன்எஃப்' என்ற சிறு கோப்பை வைரஸ் ஒளித்து வைத்திருக்கும். புதிதாக ஏற்றிய சுத்தமான விண்டோஸில், பத்திரமாகக் காப்பாற்றிய டி டிரைவை ஒருமுறை டபுள் கிளிக் செய்தால் போதும். கோப்பில் எழுதியுள்ளபடி வைரஸ் எழுந்து சி டிரைவுக்குள் மறுபடி குடியேறும். காப்பாற்றிய டேட்டாவோடு சேர்த்து நோயையும் காப்பாற்றியிருக்கிறோம் என்பது பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் டபுள் கிளிக்கைத் தவிர்த்து, ரைட் கிளிக்கில் எக்ஸ்புளோர் கொடுத்துத் திறந்தார்கள். சிலர் பென்டிரைவில் 'ஆட்டோரன் டாட் ஐஎன்எஃப்' என்ற பெயரில் ஒரு வெற்று ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கி வைத்தார்கள். அதே பெயரில் கோப்பை எழுத முடியாமல் பல வைரஸ்கள் தோற்றன.

இன்னொரு காட்சியும் அன்று பழகிப்போனது. பென்டிரைவைச் செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். மகளின் புராஜெக்ட் அழிந்துவிட்டது என்று வீடே பதறும். உண்மையில் எதுவும் அழிந்திருக்காது. வைரஸ் அசலை மறைத்துவிட்டு, தன்னை இயக்கும் ஷார்ட்கட்டை அந்த இடத்தில் வைத்திருக்கும். கமாண்ட் பிராம்ப்டில் 'அட்ரிப்' என்ற கட்டளையைக் கொடுத்து மறைப்பை நீக்கினால் எல்லாம் கண்முன் வரும். பொறியியல் கல்லூரி விடுதிகளில் அந்தக் கட்டளையை மனப்பாடமாக வைத்திருந்த மாணவர்களுக்குத் தனி மரியாதை இருந்தது.

மேலூரும் மடிக்கணினியும்

நகரத்தை விட்டு வெளியே என்ன நடந்தது என்பதற்கு மேலூர் வட்டாரம் ஒரு நல்ல சான்று. ஐஐடி மெட்ராஸ், எம்ஐடி, ஹார்வர்ட் பல்கலைக்கழகம், என்-லாக் நிறுவனம் ஆகியவை சேர்ந்து 2001இல் 'சாரி' என்ற திட்டத்தில் மேலூர்க் கிராமங்களில் இணைய நிலையங்களைத் திறந்தன. ஐஐடி மெட்ராஸில் உருவான கார்டெக்ட் கம்பியில்லா தொழில்நுட்பம் விநாடிக்கு 35 முதல் 70 கிலோபிட் வேகம் தந்தது. கிராமத்திலிருந்தே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும், அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் படத்தை அனுப்பி ஆலோசனை பெறவும் அது வழிவகுத்தது. அத்தகைய வேகத்தில் இன்றைய அளவில் ஒரு ஆன்டிவைரஸ் அப்டேட்டை இறக்குவதென்றால் பொழுது போய்விடும். சில ஆண்டுகளில் பல நிலையங்கள் மூடப்பட்டன. மூடியவற்றைப் பற்றி மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் இருவரும் செய்த ஆய்வு, கணினிப் பயிற்சி பெற்றவர்கள் நடத்திய நிலையங்கள் கூடுதல் காலம் தாக்குப்பிடித்ததைக் கண்டது. பெட்டியைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைப் பேணத் தெரிந்த ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை மதுரை மாவட்டமே அன்று காட்டிவிட்டது.

2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. சேடபட்டியிலும் அலங்காநல்லூரிலும் சோழவந்தானிலும் வயல் வேலைக்குப் போகிற குடும்பங்களில் முதல் கணினி அப்படித்தான் நுழைந்தது. அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. பென்டிரைவ் வைரஸ்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. லினக்ஸில் தொடங்கினால் அவை எழுந்திருக்காது; மறைந்திருக்கும் கோப்புகளைக் கண்ணால் பார்த்து அழிக்கலாம். பழைய சுத்தமான டாஸ் பிளாப்பி செய்த வேலையை அரசே பெட்டிக்குள் வைத்துக் கொடுத்திருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் பல பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லை. பாட்டும் படமும் ஏற்றிய கடையிலேயே வைரஸும் ஏறியது.

அந்த ஆண்டே ஒரு நல்லதும் நடந்தது. ஆட்டோரன் வழியாகவும் விண்டோஸின் ஓர் ஓட்டை வழியாகவும் பரவிய 'கான்ஃபிக்கர்' 2008 நவம்பர் முதல் உலகத்தை அலைக்கழித்திருந்தது. ஆன்டிவைரஸ் தளங்களுக்கே போக விடாமல் அது வழியை அடைத்தது. அந்த ஓட்டைக்கான அப்டேட் அதற்கு முந்தைய மாதமே வந்துவிட்டது என்பதுதான் வேதனை. விண்டோஸ் 7இல் பென்டிரைவுக்கான ஆட்டோரனை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியிருந்தது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அதே மாற்றத்தை அப்டேட்டாக அனுப்பியது. 2012இல் விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே வந்தது. பென்டிரைவ் காலம் மெல்ல முடிந்தது.

சத்தமில்லாமல் வந்தவை

அடுத்த காலம் 2017 மே 12இல் உலகுக்குத் தெரிந்தது. 'வான்னாக்ரை' கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலரைப் பிட்காயினில் கேட்டது. ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் மாட்டின. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் மாட்டின. இந்த முறையும் ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது.

வீடுகளை அதிகம் அழவைத்தது இன்னொன்று. 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவு' எனப்படும் பணயத்தொகை வைரஸ், கிராக் செய்த மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. புகைப்படங்களின் பெயருக்குப் பின்னால் புரியாத நான்கு எழுத்து சேரும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ரீட்மீ கோப்பு இருக்கும். 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி என்று சொல்லும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களைத் திரும்பப் பெற முடியாத பெற்றோரிடம் பேசியவர்களுக்குத்தான் அந்த இழப்பின் கனம் தெரியும். அதே வைரஸ், பூட்டுவதற்கு முன் பாஸ்வேர்ட் திருடும் மென்பொருளையும் பல வேளைகளில் உள்ளே இறக்கியது. பூட்டு மட்டுமே கண்ணில் பட்டது, திருட்டு தெரியவில்லை.

நம் தென்மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய சான்று உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் தீய மென்பொருள் இருந்ததை 2019 அக்டோபர் 30இல் இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது. உலை இயக்கும் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. ஆய்வாளர்கள் 'டிட்ராக்' என்று அடையாளம் கண்ட அந்த மென்பொருளின் வேலை எதையும் உடைப்பதன்று. தகவலைத் திரட்டி வெளியே அனுப்புவது. செப்டம்பர் 4இல், கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் சொன்ன பிறகே விவரம் தெரிந்தது. அத்தனை காவலுள்ள இடத்திலேயே இப்படியென்றால், வீட்டு லேப்டாப்பில் ஸ்லோ ஆனால்தான் வைரஸ் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

இதே மாற்றத்தை ஜெராக்ஸ் கடையிலும் பார்க்கலாம். இன்று பென்டிரைவ் கொண்டுபோகிறவர்கள் குறைவு. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அல்லது கடைக் கணினியிலேயே தங்கள் மெயிலைத் திறக்கிறார்கள். வேலை முடிந்ததும் லாக்-அவுட் செய்யாமல் கிளம்பிவிடுகிறார்கள். முன்பு கடையிலிருந்து வைரஸை வீட்டுக்கு எடுத்து வந்தோம். இப்போது வீட்டுச் சாவியைக் கடையில் விட்டு வருகிறோம்.

இன்று செய்ய வேண்டியது, வரிசைப்படி

முதலில் அது வைரஸ்தானா என்று பாருங்கள். திரையின் ஓரத்தில் 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்' என்று அடிக்கடி எட்டிப்பார்ப்பவை பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு 'அலோ' கொடுத்ததால் வரும் பிரவுசர் நோட்டிஃபிகேஷன்கள். பிரவுசர் செட்டிங்ஸில் அந்தத் தளத்தின் அனுமதியை நீக்கினால் நின்றுவிடும். முழுத்திரையில் எச்சரிக்கை வந்து, சத்தமிட்டு, ஒரு தொலைபேசி எண்ணுக்கு அழைக்கச் சொன்னால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட் அப்படி எண் கொடுப்பதில்லை. எஸ்கேப் விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். போகாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். அந்த எண்ணில் பேசுகிறவர் சொல்லும் ரிமோட் செயலியை எக்காரணம் கொண்டும் நிறுவாதீர்கள்.

உண்மையிலேயே சந்தேகம் என்றால் வைஃபையை நிறுத்துங்கள். அந்த லேப்டாப்பில் பேங்க், மெயில் எதையும் திறக்காதீர்கள். அடுத்து லேப்டாப்பை ஓரமாக வைத்துவிட்டு, நம்பிக்கையான வேறொரு போனையோ கணினியையோ எடுங்கள். மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழி மெயிலில்தான் இருக்கிறது. எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்-அவுட் என்ற வசதியையும் அழுத்துங்கள். இன்றைய திருட்டு மென்பொருள்கள் பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் லாகின் அடையாளத்தையே எடுத்துப் போகின்றன. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த அடையாளம் சில இடங்களில் உயிரோடிருக்கும். இரட்டைச் சரிபார்ப்பை (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்) போடுங்கள். பிறகு பேங்க், பிறகு மற்றவை. சர்வீஸ் கடைக்காரரிடமே நேராகப் போவதானாலும், டேட்டா எங்கே இருக்கிறது என்று யோசிக்கும் முன் இதைச் செய்துவிட்டுப் போங்கள். பணம் போயிருந்தால் நொடியும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது பிரதி. படம், ஆவணம், வீடியோ இவற்றை மட்டும் ஒரு காலி பென்டிரைவில் எடுங்கள். இன்ஸ்டாலர், கிராக், பெயர் தெரியாத கோப்பு எதையும் எடுக்காதீர்கள். முன்பே பிரதி வைத்துள்ள ஹார்ட் டிஸ்க்கை மட்டும் இந்த நேரத்தில் செருகவே கூடாது. பூட்டும் வைரஸாக இருந்தால் அதையும் பூட்டிவிடும். இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் டி டிரைவ் என்ற பிரிவே இல்லை. எல்லாம் சி டிரைவில்தான். பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும். அதன் மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று போனிலிருந்து பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பிறகு டிஸ்க்கைத் திறக்க முடியாது.

இப்போது சுத்தம் செய்யும் வேலை. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பக்கம் போய், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சுமார் 15 நிமிடம் தேடும். ஜோஷி காலத்து டாஸ் பிளாப்பியின் பேரன் இது. அந்தப் பக்கத்திலேயே 'எக்ஸ்குளூஷன்ஸ்' பட்டியலையும் பாருங்கள். ஸ்கேன் செய்ய வேண்டாத ஃபோல்டர் என்று தன் இருப்பிடத்தையே அதில் சேர்த்துக்கொள்ளும் வைரஸ்கள் உண்டு. நீங்கள் சேர்க்காத எதையும் நீக்குங்கள். அதன்பின் இரண்டாம் கருத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை வேறு கணினியில் இறக்கி, இந்த லேப்டாப்பில் ஓடவிடலாம். அது இறக்கிய 10 நாள்தான் செல்லும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 பிப்ரவரி முதல் இலவசக் கருவிகள் தருகிறது. அவற்றில் கே7, குவிக் ஹீல் நிறுவனங்களின் பங்கும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டிவைரஸை நிரந்தரமாக ஓடவிட வேண்டாம், ஒன்றையொன்று தடுக்கும்.

ஸ்கேன் முடிந்ததும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன், ஸ்டார்ட்அப் பட்டியல், அண்மையில் நிறுவிய மென்பொருள் மூன்றையும் பார்த்து, தெரியாததை நீக்குங்கள். வைரஸ் வந்த நாளில் நிறுவிய கிராக் இன்னும் இருந்தால் அதுவும் போக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் திரும்பி வந்தால், அல்லது பாஸ்வேர்ட் திருடும் வகை என்று ஸ்கேனரே பெயர் சொன்னால், தயங்காமல் விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். சுத்தமான வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவைத் தயார் செய்து, அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கி, பழைய பிரிவுகள் அனைத்தையும் நீக்கிவிட்டு நிறுவலாம். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் உரிமம் அந்த இயந்திரத்தோடே இருக்கும். இணையத்தில் இணைந்ததும் தானே இயங்கும். கிராக்குக்கு அவசியமே இல்லை. கடையில் கொடுத்தாலும் இதைச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் கேட்டால் ஒழுங்காகச் செய்து தருவார்கள். கேட்காதபோதுதான் பழக்கப்பட்ட குறுக்குவழி நடக்கிறது.

கோப்புகள் பூட்டப்பட்டிருந்தால் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் பல வகைகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. டிஜேவுவின் பழைய வகைகள் பலவற்றுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் ஒரு கருவி வெளியிட்டது. இன்று சாவி இல்லாவிட்டாலும், பூட்டிய கோப்புகளை ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பின்னால் சாவி வரக்கூடும்.

ஊருக்குச் சொல்ல வேண்டியது

அன்று இருந்ததில் இழந்து வருத்தப்பட வேண்டியது ஒன்று உண்டு. வைரஸ் ஒரு பொதுப் பிரச்சினையாக இருந்தது. நண்பன் எச்சரித்தான், ஆய்வகப் பொறுப்பாளர் தடுத்தார், சர்வீஸ் அண்ணன் சொல்லிக்கொடுத்தார். இன்று அவரவர் அறையில், அவரவர் லேப்டாப்பில், தனியாக மாட்டிக்கொள்கிறோம். பணம் போன பிறகும் வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை. வீட்டில் பெரியவர் ஏமாந்தால் அவரைத் திட்டுவதால் அடுத்த முறை அவர் மறைக்கத்தான் கற்றுக்கொள்வார். உடனே சொன்னால் காப்பாற்றலாம் என்ற தைரியத்தை அவருக்குக் கொடுப்பதே குடும்பம் செய்யும் முதல் பாதுகாப்பு.

மதுரையைச் சுற்றி எத்தனையோ கல்லூரிகளில் கணினித் துறைகள் இருக்கின்றன. மாணவர்கள் சனிக்கிழமைகளில் ஒரு கிராமத்துக்குப் போய், எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலைப் பார்க்கவும் இரட்டைச் சரிபார்ப்பு போடவும் சொல்லிக்கொடுத்தால், மேலூர்த் திட்டம் விட்டுப்போன வேலையை அவர்கள் முடித்ததாகும். அவர்கள் செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விலையில்லா மடிக்கணினிகளில் பல விண்டோஸ் 11ஐத் தாங்காது. அவற்றில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் படிக்கவும் விண்ணப்பிக்கவும் இன்னும் சில ஆண்டுகள் பத்திரமாக உழைக்கும்.

உங்கள் வீட்டில் இன்றே செய்யக்கூடியவை மூன்று. அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத ஒரு தனிக் கணக்கை உருவாக்குங்கள். தெரியாமல் கிளிக் செய்தாலும், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை தேவைப்படும் எதுவும் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும். மெயிலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். குடும்பப் படங்களையும் பட்டா, பத்திரம், மதிப்பெண் சான்றிதழ்களையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, லேப்டாப்பிலிருந்து கழற்றித் தனியே வைத்து, மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள். நாளை வரப்போகிற வைரஸின் பெயர் நமக்குத் தெரியாது. கழற்றி வைத்த டிஸ்க்கை அதனால் தொட முடியாது என்பது மட்டும் தெரியும்.